கிளீனும் தஹாரத்தும்

இன்று நம் வீடுகளில் படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடின்றி எல்லோர் நாவிலும் புழங்கும் ஆங்கிலச் சொற்களில் ‘கிளீன்’ என்பதும் ஒன்று. விருந்தாளி வருமுன் வீட்டைக் கிளீன் பண்ணச் சொல்கிறோம். கடைக்காரரிடம் மீனைக் கிளீன் செய்து வாங்குகிறோம். லாரியில் டிரைவருக்குத் துணையாகப் போகும் பையனுக்குக் ‘கிளீனர்’ என்றே பெயர். தாடியை மழித்தவர் ‘கிளீன் ஷேவ்’ செய்தவர். விசாரணையில் குற்றமில்லை என்று விடுவிக்கப்பட்டவர் ‘கிளீன் சிட்’ பெற்றவர். தாடியை இழந்த முகத்துக்கும், குற்றம் நீங்கிய மனிதனுக்கும், செதில் நீங்கிய மீனுக்கும் ஒரே சொல் பொருந்துகிறதென்றால், அந்தச் சொல்லை ஒரு கணம் நிறுத்தி அதன் ஊர், பேர் விசாரிப்பது தகும்.

மார்க்கப் பத்திரிகையில் ஆங்கிலச் சொல்லாராய்ச்சி எதற்கு என்று சிலர் எண்ணலாம். காரணம் இருக்கிறது. ஒரு சொல்லைக் கடன் வாங்குகிறவர் அந்தச் சொல்லுக்குள் இருக்கும் எண்ணத்தையும் சேர்த்தே வாங்குகிறார். நம் மார்க்கம் தொழுகைக்கே சாவியாக வைத்திருக்கும் தஹாரத் என்னும் பெரிய விஷயத்தை, நாம் நம்மை அறியாமலே ‘கிளீன்’ என்ற அளவுகோலால் அளக்கத் தொடங்கியிருக்கிறோம். அந்த அளவுகோல் போதுமானதுதானா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

சொல்லின் பிறப்பு

‘கிளீன்’ என்பது ஆங்கிலத்தின் மிகப் பழைய சொற்களில் ஒன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஆங்கிலத்திலேயே அது வழங்கியது. அதற்கு இனமான சொல் ஜெர்மன் மொழியிலும் இருக்கிறது. ஆனால் அங்கே அச்சொல்லுக்கு இன்றைய பொருள் ‘சிறியது’ என்பதாகும். சுத்தத்துக்கும் சிறுமைக்கும் என்ன உறவு என்று திகைக்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் மூலமான பழஞ்சொல்லின் கருத்து ‘ஒளியுள்ளது, பளிச்சென்று தெரிவது’ என்பதாகும். பளபளப்பானது நேர்த்தியானது, நேர்த்தியானது நுண்ணியது, நுண்ணியது சிறியது என்று ஜெர்மானியர் நாவில் அது படிப்படியாக நகர்ந்துவிட்டது. ஆங்கிலேயர் நாவில் பளபளப்பு, அழுக்கின்மையாக நின்றுவிட்டது.

கவனிக்கத்தக்க இன்னொரு செய்தியும் உண்டு. பழைய ஆங்கிலத்தில் இச்சொல் தரையையும் துணியையும் மட்டும் குறிக்கவில்லை. பாவம் கலவாத உள்ளத்துக்கும், கற்புள்ள வாழ்வுக்கும் அதே சொல்தான் வழங்கியது. 1066-ஆம் ஆண்டு நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு, பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன் சொற்கள் உயர்ந்த பொருள்களைத் தமதாக்கிக் கொண்டன. உள்ளத்துக்கு ‘ப்யூர்’ என்ற சொல் வந்து அமர்ந்தது. ‘கிளீன்’ மெல்ல மெல்ல இறங்கி, பெரும்பாலும் தரைக்கும் பாத்திரத்துக்கும் உரியதாயிற்று. ஆங்கிலத்தில் நாம் ‘சுத்தமாக மறந்துவிட்டேன்’ என்று சொல்வதைப் போலவே, முழுவதும் என்ற பொருளிலும் அச்சொல் வழங்குகிறது. எதுவும் மிச்சமில்லாமல் போனால் சுத்தம் என்று இரு மொழிக்காரரும் ஒன்றுபோல் எண்ணியிருக்கிறார்கள்.

நம் தமிழும் இதற்கு விலக்கல்ல. பாத்திரத்தை விளக்குகிறோம், பல்லை விளக்குகிறோம், விளக்குமாறு கொண்டு பெருக்குகிறோம். வெளிச்சம் தரும் விளக்கும் இந்த விளக்குதலும் ஒரே அடியில் பிறந்தவை. துலக்குதல் என்றாலும் ஒளிரச் செய்தலே. துணி தோய்ப்பதை வெளுத்தல் என்கிறோம். வெண்மையாக்குதல் என்பதே அதன் நேர்ப்பொருள். வெளுப்பவருக்கு வண்ணார் என்ற பெயர் வண்ணத்தினால் வந்தது. ஆக, ஆங்கிலமாயினும் தமிழாயினும் சுத்தம் என்ற எண்ணம் கண்ணிலிருந்து பிறந்திருக்கிறது. கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தால் சுத்தம். கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தால் அழுக்கு.

‘துப்புரவு’ என்ற சொல் இன்னும் விந்தையானது. திருக்குறளில் இச்சொல் உண்ணும் உணவையும் நுகரும் பொருளையும் குறித்து வருகிறது. துப்புரவு இல்லாதவர் என்றால் அங்கே நுகர ஒன்றுமில்லாத வறியவர் என்று பொருள். இன்றோ அதே சொல் குப்பை அள்ளுவதைக் குறிக்கிறது. அந்நாளில் உண்பதற்குப் பெயராக இருந்தது, இந்நாளில் உண்டு கழித்ததை அகற்றுவதற்குப் பெயராகிவிட்டது. நுகர்ச்சிக்கும் கழிவுக்கும் உள்ள உறவை நாம் மறந்தாலும் சொல் மறக்கவில்லை போலும்.

கண் காணாத அழுக்கு

இனி நம் ஃபிக்ஹு கிதாபுகளுக்கு வருவோம். மதரஸாவில் சேர்ந்த பிள்ளை ஃபிக்ஹில் முதன்முதல் ஓதுவது தஹாரத்தின் பாடம்; அதிலும் தண்ணீரின் வகைகள்தான் முதலில் வரும். தொழுகையும் ஸகாத்தும் நோன்பும் ஹஜ்ஜும் அதற்குப் பிறகே. அங்கே நாம் காணும் அளவுகோல் கண் அல்ல.

தும்பைப் பூப்போல் வெளுத்த ஒரு சட்டை இருக்கிறது. அதில் ஒரு துளி சிறுநீர் பட்டுக் காய்ந்துவிட்டது, அடையாளமே தெரியவில்லை. கண்ணுக்கு அது கிளீன். ஆனால் கழுவாமல் அதை உடுத்தித் தொழலாகாது. மறுபுறம், வயலில் நாற்று நட்டுவிட்டு வருகிறவரின் வேட்டியில் முழங்கால் வரை சேறு. பட்டறையில் வேலை செய்கிறவரின் சட்டை முழுதும் எண்ணெய்க் கறை. கண்ணுக்கு இரண்டும் அழுக்கு. ஆனால் இரண்டும் பாக். அவர்கள் அந்த உடையோடு ஸஃப்பில் நின்றால் தொழுகைக்குக் குறைவில்லை. மாற்றுடை இருந்தால் மாற்றிக்கொள்வது பள்ளிக்குரிய அதபு. தண்ணீர் கிடைக்காதவருக்கோ, அதைப் பயன்படுத்த இயலாத நோயாளிக்கோ மண்ணே தஹாரத்துக்கு உரியதாகிறது. சூரத்துல் மாயிதாவின் ஆறாம் ஆயத்து அதற்குச் சான்று. கண் அழுக்கென்று சொல்லும் மண்ணை மார்க்கம் தூய்மை தரும் பொருளாக்கி வைத்திருக்கிறது.

இதனால் கண்ணுக்குத் தெரியும் சுத்தம் வேண்டாமென்று யாரும் விளங்கிக் கொள்ள வேண்டாம். பல் துலக்குவதும், நகம் களைவதும், ஜும்ஆவுக்குக் குளிப்பதும், நல்லுடை உடுத்துவதும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வலியுறுத்திய சுன்னத்துகள். நளாஃபத் என்னும் சுத்தமும் வேண்டும். தஹாரத் என்னும் தூய்மையும் வேண்டும். முதலாவது பார்ப்பவர்களுக்காக, இரண்டாவது யார் முன் நிற்கிறோமோ அவனுக்காக. முதலாவது இருப்பதால் இரண்டாவதும் இருக்கிறது என்று எண்ணுவதுதான் தவறு.

ஷாஃபிஈ மத்ஹபின் கிதாபுகளில் தண்ணீரைப் பற்றி இன்னொரு நுட்பமான பாகுபாடு உண்டு. ஒருவகைத் தண்ணீர் தஹூர்: தானும் தூயது, பிறவற்றையும் தூய்மைப்படுத்த வல்லது. மழை நீர், ஆற்று நீர், கிணற்று நீர், கடல் நீர் இவ்வகை. இன்னொரு வகை தாஹிர்: தான் தூயது, ஆனால் பிறவற்றைத் தூய்மைப்படுத்தாது. ஃபர்ளான உளூவிலும் குளிப்பிலும் ஒருமுறை பயன்பட்டு ஒதுங்கிய சிறிதளவு நீர் இப்படிப்பட்டது. மூன்றாவது நஜீஸான நீர். ஆங்கிலச் சொல்லில் இந்தப் பாகுபாட்டுக்கு இடமே இல்லை. சுத்தமாய் இருப்பதற்கும் ‘கிளீன்’, சுத்தமாக்குவதற்கும் ‘கிளீன்’. நம் கிதாபுகளோ, சுத்தமாய் இருப்பது வேறு, சுத்தமாக்கும் தகுதி வேறு என்று பிரித்துக் கற்பிக்கின்றன.

தண்ணீருக்குச் சொன்ன இந்தச் சட்டத்தை மனிதருக்கும் பொருத்திப் பார்க்கலாமல்லவா? தான் மட்டும் துலக்கமாய் இருந்து, தன்னைத் தொட்ட எதையும் தூய்மையாக்காத மனிதர் தாஹிரான நீரைப் போன்றவர். அவரால் அடுத்தவர் அழுக்கடையாவிட்டால் அதுவரை நலமே. ஆனால் தன் வீடு துலங்குவதற்காகத் தெருவை அழுக்காக்குகிறவரை எந்த வகையில் சேர்ப்பது?

ஓடும் நீர் தந்த சலுகை

இந்தக் கேள்வியை நம் தாமிரபரணிக் கரையில் நின்று கேட்டுப் பார்ப்போம். பொதிகை மலையில் பிறந்து, பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் வழியாகச் சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் சேர்கிறது இந்த ஆறு. இதன் குறுக்கே கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். பழவூர் அணைக்கட்டில் பிரியும் பாளையங்கால்வாய் மேலப்பாளையத்தின் ஊடாகவே போகிறது. சுத்தமல்லி அணைக்கட்டில் பிரியும் நெல்லைக் கால்வாய் டவுண் பக்கம் வருகிறது. வயலுக்கென்று வெட்டிய அந்தக் கால்வாய்களில் ஊர்களின் சாக்கடை கலப்பதையும், ஆற்றிலேயே கழிவு நீர் இறங்குவதையும் இந்த மாவட்டத்தில் அறியாதவர் இல்லை. 2024-ஆம் ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகளே நேரில் வந்து ஆற்றைப் பார்வையிடும் அளவுக்கு நிலைமை போயிற்று.

இதைப் பேசும்போது நம்மவரில் சிலர் ஒரு மஸ்அலாவை எடுத்து வைப்பதுண்டு. “ஓடும் தண்ணீர்தானே! நிறம், ருசி, வாடை மாறாதவரை அது பாக் அல்லவா? இரண்டு குல்லத்துக்கு மேற்பட்ட நீரில் நஜீஸ் விழுந்தாலும் இம்மூன்றில் ஒன்று மாறினாலன்றி நஜீஸாகாது என்று கிதாபில் இருக்கிறதே!” என்பார்கள்.

இருக்கிறது. சட்டம் சரியே. இரண்டு குல்லத் என்பது இக்கால அளவில் ஏறத்தாழ 200 லிட்டர் என்று கணக்கிடுவோர் உண்டு. ஆறு எங்கே, அந்த அளவு எங்கே! ஆனால் இந்தச் சட்டம் யாருக்காக அருளப்பட்டது என்பதை விளங்க வேண்டும். உளூச் செய்ய வந்து நிற்கும் முஸாபிரைச் சிரமத்துக்கு உள்ளாக்காதிருக்க அருளப்பட்ட சலுகை இது. நீரைப் பயன்படுத்துகிறவருக்கு இது ரஹ்மத்து. நீரை அழுக்காக்குகிறவருக்கு அனுமதிச் சீட்டு அன்று. ‘இந்த நீர் பாக்கா?’ என்பது ஒரு கேள்வி. ‘இந்தச் செயல் ஆகுமா?’ என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்குரிய விடையை இரண்டாவது கேள்விக்கு எடுத்துக் கொடுப்பது சட்டத்தை வளைப்பதாகும்.

ஏனெனில் அந்த இரண்டாவது கேள்விக்கு நம் நபி (ஸல்) அவர்கள் தனியாகவே விடை சொல்லியிருக்கிறார்கள். மக்கள் நீர் எடுக்க வரும் துறையிலும், நடக்கும் பாதையிலும், ஒதுங்கும் நிழலிலும் மலம் கழிப்பது சாபத்தைத் தேடித் தரும் செயல் என்று எச்சரித்தது அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. அங்கே ‘தண்ணீரின் நிறம் மாறினால்’ என்ற நிபந்தனை இல்லை. நிழலும் பாதையும் உளூவுக்குரிய பொருள்களுமல்ல. அடுத்த மனிதருக்கு நேரும் அருவருப்பும் இடையூறும்தான் அங்கே காரணம். அழுக்கு என்பது என் உடம்பை விட்டு நீங்கியதோடு முடிந்துவிடுவதில்லை. அது போய்ச் சேரும் இடம் வரை அதன் பொறுப்பு என்னுடையது என்பதே இதன் கருத்து.

இன்னும் ஒன்று. கோடையில் நீர் வற்றி, ஊர்க் கழிவு இறங்கும் இடத்தில் ஆறு கறுத்து நாறும்போது, மேற்சொன்ன சட்டமே மாறிவிடுகிறது. நஜீஸ் கலந்து நிறமும் வாடையும் மாறிய நீர், அளவில் எவ்வளவு பெரிதாயினும், ஓடும் நீராயினும், உளூவுக்கு உதவாது. ஆகவே கிதாபைக் காட்டிக் கழிவை விடுகிறவர் அந்தக் கிதாபின்படியே ஒரு நாள் தன் உளூவை இழப்பார். அவருடையது மட்டுமா? தூத்துக்குடிக்கும் காயல்பட்டினத்துக்கும் குழாய் வழியாகப் போவது இந்த ஆற்று நீரே. மேலே இருப்பவர் கழித்துவிட்டது கீழே இருப்பவரின் குடத்துக்கும் ஹவுளுக்கும் வருகிறது.

எடுத்துப் புழங்குவதிலும் அளவு உண்டு. பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில், அதாவது முக்கால் லிட்டருக்கு மிகாத நீரில், உளூச் செய்ததாக புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் உளூவில் விரயம் கூடாது என்ற கருத்தில் இப்னு மாஜாவில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடர் பற்றிப் பேச்சு இருந்தாலும், உளூவில் நீரை விரயம் செய்வது மக்ரூஹ் என்பதில் நம் இமாம்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. இன்று நம் பள்ளிகளில் குழாயைத் திறந்து விட்டுவிட்டுக் கதை பேசிக்கொண்டே உளூச் செய்கிறவர் ஓட விடும் நீர் எத்தனை முத்து என்று அவரவரே கணக்கிட்டுக் கொள்ளட்டும்.

அகற்றுகிறவர் யார்?

கண்ணை அளவுகோலாக்கிய சுத்தத்துக்கு ஒரு கேடு உண்டு. கண்ணுக்கு மறைந்ததெல்லாம் இல்லாமல் போனதாக அது எண்ணிக் கொள்கிறது. வீட்டைக் கூட்டி வாறுகாலில் தள்ளியதும் வீடு கிளீன். வாறுகாலை அள்ளித் தெருமுனையில் கொட்டியதும் வாறுகால் கிளீன். அழுக்கு அழியவில்லை; கைமாறியிருக்கிறது. இப்படிக் கைமாறிக் கைமாறி அது கடைசியில் ஒரு மனிதரின் கையில் வந்து நிற்கிறது. கண்ணுக்குப் பழகிய நாம், அந்தக் கையோடு சேர்த்து அந்த மனிதரையும் அழுக்கின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

திருநெல்வேலியில் ஆற்றையொட்டிய ஒரு பகுதிக்கே வண்ணார்பேட்டை என்று பெயர். துணி வெளுத்தவர்களின் பெயரை ஊர் தன் பேரேட்டில் எழுதிக் கொண்டது. ஆனால் வெளுத்தவர்களைத் திண்ணையில் உட்கார வைத்ததா? நம் நாட்டில் மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளுவதை 1993-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் தடை செய்தது. அது போதாதென்று 2013-இல் இன்னொரு சட்டம் வந்தது. பாதாளச் சாக்கடையில் இறங்கி இறப்பவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் தர வேண்டுமென்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-இல் அத்தொகையை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டி வந்ததென்றால் சாவு நிற்கவில்லை என்றுதானே பொருள்? தமிழ்நாட்டில் துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று அரசு மாற்றியிருக்கிறது. நல்ல மாற்றம்தான். ஆயினும் பெயரை மாற்ற ஓர் ஆணை போதும். பார்வையை மாற்ற ஈமான் வேண்டும்.

‘இஸ்லாத்தில் தீண்டாமை இல்லை’ என்று நாம் மேடையில் பெருமையோடு சொல்கிறோம். உண்மை. ஆனால் தெரு கூட்ட வரும் பெண் ஒரு செம்பு தண்ணீர் கேட்டால், எந்தச் செம்பில் கொடுக்கிறோம் என்பதை ஒவ்வொரு வீட்டுத் தாய்மாரும் தம் மனத்தைத் தொட்டுக் கேட்டுக் கொள்ள வேண்டும். நஜீஸ் என்பது பொருளுக்குரிய ஹுக்மு. ஒருவர் கையில் நஜீஸ் பட்டால் கழுவியதும் நீங்கிவிடும். அது அவருடைய ஜாதியாகவோ பிறவியாகவோ ஆகாது. இதை அறிந்த சமுதாயம் ஒருவருக்குத் தனிச் செம்பு வைத்திருக்குமானால், அது ஃபிக்ஹு படித்து வந்த பழக்கமல்ல, பக்கத்தில் பார்த்துப் படிந்த பழக்கம்.

மதீனாவின் பள்ளியைக் கூட்டி வந்த ஒரு கறுப்பு நிறப் பெண்மணியின் வரலாறு புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அவர் இறந்தபோது, சின்ன விஷயம்தானே என்று கருதியவர்களைப் போல் நபித் தோழர்கள் அதைப் பெருமானாரிடம் தெரிவிக்காமலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அவரைக் காணாமல் விசாரித்த நபி (ஸல்) அவர்கள், செய்தி அறிந்ததும், எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டு, கபுறைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று அவருக்காகத் தொழுதார்கள். கபுறுகள் இருள் நிறைந்தவை என்றும், தம் தொழுகையைக் கொண்டு அல்லாஹ் அவற்றை ஒளியாக்குகிறான் என்றும் கூறினார்கள் என முஸ்லிமின் அறிவிப்பில் வருகிறது. தோழர்களின் பார்வையில் சிறியவராகத் தெரிந்தவரை அல்லாஹ்வின் தூதர் தேடிச் சென்றார்கள். பள்ளியை விளக்கியவருடைய கபுறு விளக்கமாயிற்று.

ஈஸா (அலை) அவர்களின் அணுக்கத் தோழர்களைத் திருக்குர்ஆன் ஹவாரிய்யூன் என்று அழைக்கிறது. வெண்மையைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த சொல் அது. அவர்களுக்கு ஏன் அப்பெயர் வந்தது என்பதில் முஃபஸ்ஸிர்கள் பல கருத்துகளைச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் உள்ளம் வெண்மையானது என்பது ஒன்று. அவர்கள் துணி வெளுக்கும் தொழிலாளிகள் என்பது இன்னொன்று. ஒரு நபிக்கு முதல் உதவியாளர்களாக நின்றவர்கள் வண்ணார்களாக இருந்திருக்கக் கூடும் என்று எழுத நம் தஃப்ஸீர் ஆசிரியர்களின் பேனா கூசவில்லை. ஹிஜ்ரி 271-இல் மறைந்த நைஸாபூரின் பெரும் ஸூஃபி ஹம்தூன் அவர்களுக்கு ‘அல்கஸ்ஸார்’ என்பதே அடைமொழி. துணி வெளுப்பவர் என்று அதற்குப் பொருள்.

மனிதரை அழுக்காக எண்ணும் பார்வை முற்றினால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம் காலத்திலேயே உலகம் கண்டது. 1992-ஆம் ஆண்டு போஸ்னியாவில் போர் மூண்டபோது, முஸ்லிம்களை ஊர் ஊராக விரட்டியதற்கும் கொன்றதற்கும் வைக்கப்பட்ட பெயர் ‘இனச் சுத்திகரிப்பு’ என்பதாகும். 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிகாவில் மட்டும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். அது இனப்படுகொலையே என்று 2007-இல் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாவத்தைக் கழுவுவதற்கென்று ஆங்கிலத்தில் பிறந்த ஒரு சொல், பாவங்களிலெல்லாம் பெரும் பாவத்துக்குப் போர்வையாயிற்று. என் கண்ணுக்குத் தெரியக் கூடாது என்பதே சுத்தத்தின் இலக்கணமானால், நாளைக்கு மனிதரையும் பெருக்கித் தள்ளத் துணிவு வந்துவிடும். தெருக் கூட்டுபவருக்குத் தனிச் செம்பு வைப்பதற்கும் அதற்கும் தூரம் மிகுதிதான்; ஆனால் பாதை ஒன்றே.

நான்கு படிகள்

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் தஹாரத்துக்கு நான்கு படிகளைச் சொல்கிறார்கள். நஜீஸிலிருந்து உடலைத் தூய்மையாக்குவது முதற்படி. பாவங்களிலிருந்து உறுப்புகளைத் தூய்மையாக்குவது இரண்டாவது. பொறாமை, பெருமை முதலிய தீய குணங்களிலிருந்து உள்ளத்தைத் தூய்மையாக்குவது மூன்றாவது. அல்லாஹ் அல்லாத அனைத்திலிருந்தும் அந்தரங்கத்தைத் தூய்மையாக்குவது நான்காவது. அது நபிமார்களுக்கும் ஸித்தீக்குகளுக்கும் உரியது. தம் காலத்தவரைப் பற்றி இமாமவர்கள் வருந்திச் சொல்லும் செய்தி நமக்கும் பொருந்தும். மணப்பெண்ணைச் சிங்காரிப்பதுபோல் வெளிப்புறத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறார்கள். உள்ளமோ பெருமையாலும் முகஸ்துதியாலும் பாழாய்க் கிடக்கிறது. அதை யாரும் அருவருப்பதில்லை என்கிறார்கள். முன்னோர்களோ வெறுந்தரையில் தொழுதார்கள்; அவர்களுடைய பேணுதல் எல்லாம் உள்ளத்தைப் பற்றியதாக இருந்தது.

உள்ளம் சுத்தமானால் போதும், வெளியே எப்படி இருந்தாலென்ன என்று சொல்வாரும் உண்டு. அதுவும் பிழை. நபி (ஸல்) அவர்கள் இரு கபுறுகளைக் கடந்து சென்றபோது, அவற்றில் உள்ளோர் இருவரும் வேதனை செய்யப்படுவதாக அறிவித்தார்கள். ஒருவர் சிறுநீரிலிருந்து தம்மைப் பேணிக் கொள்ளாதவர். மற்றவர் கோள் சொல்லித் திரிந்தவர். ஒன்று உடம்பின் அழுக்கு. மற்றது நாவின் அழுக்கு. இரண்டும் ஒரே ஹதீஸில், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வருகின்றன. தவ்பாச் செய்வோரையும் தூய்மை பேணுவோரையும் அல்லாஹ் நேசிக்கிறான் என்று சூரத்துல் பகராவின் 222-ஆம் ஆயத்து சேர்த்தே சொல்கிறது. இரண்டு தூய்மைகளையும் பிரித்து ஒன்றை மட்டும் எடுத்துக் கொள்ள நமக்கு வழி வைக்கப்படவில்லை.

ஆகவே ஒரு வீட்டைத் துலக்கி முடித்ததும் நாம் இரண்டு கேள்விகளைக் கேட்டுக் கொள்ள வேண்டும். இந்த அழுக்கு எங்கே போயிற்று? அதை யார் கை தொடப்போகிறது? இந்த இரண்டையும் கேட்காத சுத்தம் கிளீனாக இருக்கலாம்; தஹாரத்தின் கருத்தோடு அது சேராது.

இவற்றுக்கு விடை காண்பது பெரும் பணக்காரருக்கோ அதிகாரிக்கோ மட்டும் உரிய வேலையல்ல. உடைந்த கண்ணாடியையும் பிளேடையும் சமையற்கட்டுக் குப்பையோடு சேர்த்துப் போடாமல் தாளில் பொதிந்து தனியே வைப்பது ஒரு தாயின் கையில் இருக்கிறது. கை கிழிந்து ரத்தம் கொட்டாமல் ஒரு மனிதர் வீடு திரும்புவார். குழந்தையின் அழுக்குத் துணியைச் சுற்றிப் பொதிந்து கொடுப்பதும் அப்படியே. ஈரக் குப்பையையும் உலர்ந்த குப்பையையும் பிரித்துத் தர வேண்டுமென்று 2016-ஆம் ஆண்டு வந்த அரசு விதிகள் சொல்லின. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று ஓதி வளர்ந்த நமக்கு, இடையூறைப் பாதையில் போடாதிருக்க ஓர் அரசு விதி வந்து கற்பிக்க வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் ஜமாஅத்துகளுக்கும் இதில் கடமை உண்டு. பள்ளியின் உளூ நீர் எங்கே போகிறது, கழிப்பறையின் நீர் எங்கே போகிறது என்று முத்தவல்லிகள் விசாரிக்கட்டும். உளூச் செய்த நீர் நஜீஸல்ல. அதைத் தென்னைக்கோ வாழைக்கோ பாய்ச்சலாம். சாக்கடையில் கலந்து அதையும் நாறவிட வேண்டியதில்லை. கழிப்பறை நீர் கால்வாயில் இறங்குமானால், அல்லாஹ்வின் வீட்டிலிருந்தே அடுத்த ஊராரின் குடத்துக்கு அழுக்கை அனுப்பியவர்களாவோம். பள்ளியைக் கூட்டுகிறவருக்கு உரிய கூலியை வியர்வை உலருமுன் கொடுப்பதோடு, நிக்காஹ் விருந்தில் எல்லோரோடும் ஒரே ஸஹனில் அவரையும் உட்கார வைக்கட்டும்.

பள்ளிக்குள் வந்து சிறுநீர் கழித்துவிட்ட நாட்டுப்புறத்து அரபியை அதட்டப் பாய்ந்த தோழர்களைத் தடுத்து, ஒரு வாளி நீரை அதன்மேல் ஊற்றச் சொன்ன நாயகத்தின் உம்மத்தினர் நாம். அங்கே தரையும் தூய்மையாயிற்று. அந்த மனிதரின் மானமும் காக்கப்பட்டது. அழுக்கு அகல வேண்டும், மனிதர் அகலக் கூடாது. நம் வீட்டிலும் தெருவிலும் ஆற்றங்கரையிலும் இந்த ஒழுங்கைக் கடைப்பிடித்தால், எந்த மொழியின் சொல்லால் அழைத்தாலும் நம் சுத்தம் தஹாரத்தின் பெயருக்குத் தகுதியுடையதாகும்.

வல்ல அல்லாஹ் நம் உடலையும் உடையையும் நாவையும் உள்ளத்தையும் தூய்மையாக்கி, பிறர் தூய்மை பெறவும் நம்மைக் காரணமாக்கி வைப்பானாக! ஆமீன்.